சிரித்தால் விழுகிறவன்

என் மனைவியின் தம்பி வீட்டுக் காதுகுத்து விருந்தில், பந்தியின் நடுவே, சாம்பார் வாளியோடு நான் விழுந்தேன். கால் தடுக்கவில்லை. தலை சுற்றவில்லை. குடித்திருக்கவும் இல்லை. கடைசியாகச் சொன்னதை அன்று பந்தியில் இருந்த ஒருவர்கூட நம்பவில்லை என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முன்னால் சோற்றுக் கூடையோடு மச்சான் போனான். பின்னால் சாம்பாரோடு நான். மச்சான் என்றது மனைவியின் அந்தத் தம்பியைத்தான், என்னைவிட இளையவன். மாத்தளை பஸ் ஸ்டேண்டுக்கு வெளியே ஓட்டோ ஓட்டுகிறான். ஓர் ஆளை ஒருதரம் பார்த்தால் போதும், அந்த ஆளின் நடை, இருமல், சாரத்தைத் தூக்கிக் கட்டும் விதம் எல்லாம் அவனுக்கு வந்துவிடும். அன்று அவன் எடுத்துக்கொண்ட ஆள் நான்.

என் பிழைப்பைச் சொன்னால்தான் இது விளங்கும். பலாபத்வளைப் பக்கம் ஒரு ஸ்பைஸ் கார்டனில் நான் கைட். வெளிநாட்டுக்காரர்களை வரிசையாக அழைத்துப்போய் இது மிளகு, இது கராம்பு, இது கறுவா என்று காட்டுவேன். முகர்ந்து பார்க்கக் கொடுப்பேன். கடைசியில் கொட்டிலுக்குள் உட்காரவைத்து, முடி வளர்க்கும் தைலத்தையும் முடியை உதிர்க்கும் களிம்பையும் விற்பேன். எனக்கு முழு வழுக்கை. யாராவது தைலப் போத்தலைப் பார்த்துவிட்டு என் தலையை மெல்லப் பார்ப்பார்கள். உடனே நான், “ஒருநாள் அவசரத்தில் இரண்டையும் மாற்றிப் பூசிவிட்டேன்” என்பேன். எந்த நாட்டுக்காரனும் அதற்குச் சிரிப்பான். நான் மட்டும் சிரிக்கமாட்டேன். தினமும் சொல்கிறவனுக்கு அதில் என்ன இருக்கிறது?

பந்தியில் மச்சான் ஒவ்வோர் இலைக்கும் முன்னால் நின்று, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டி, நான் பேசுவதைப் போலவே தொண்டையைச் செருமினான்.

“மேடம், திஸ் இஸ் சோறு. வெரி ஓல்ட் மெடிசின். வெரி குட் ஃபோர் பசி. மோர்னிங் ஒன் டைம், நைட் ஒன் டைம். நோ சைட் இஃபெக்ட்.”

அடுத்த இலையில் என்னைப்போல வழுக்கையான ஒரு பெரியவர் இருந்தார். மச்சான் கரண்டியை அவர் தலைக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தி, யோசித்து, இலைக்குக் கொண்டுவந்தான். “சொரி சார். போத்தல் மாறப் பாத்துச்சு.”

சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது. நெஞ்சைத் தாண்டும்போது யாரோ என் உடம்பின் மெயின் சுவிச்சை அணைத்துவிட்டார்கள். முதலில் தாடை தொங்கியது. கழுத்து மடிந்தது. முழங்கால் இரண்டும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வேலையை விட்டுப் போய்விட்டன. சாம்பார் எங்கெல்லாம் போனது என்று நான் பார்க்கவில்லை. யார் யார் மேல் போனது என்பதை மட்டும் அவர்கள் குரலை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

ஏனென்றால் நான் முழுவதும் விழித்திருந்தேன். அதுதான் பயங்கரம். எல்லாம் கேட்டது. ஒரு விரலை அசைக்க முடியவில்லை.

“ஊத்திக்கிட்டு வந்திருக்காரு.”

“காதுகுத்துக்குமா?”

“அவருக்கென்ன, வெள்ளக்காரன் வாங்கிக் குடுத்திருப்பான்.”

என் மனைவி பக்கத்தில் மண்டியிட்டு என் முகத்தருகே குனிந்தாள். அந்த நிலையிலும் எனக்கு உள்ளம் நெகிழ்ந்துவிட்டது. அவள் வாயை மோந்து பார்த்துவிட்டு, “ஒண்ணுமில்ல, நாத்தம் இல்ல” என்று சபைக்கு அறிவித்தாள்.

கொஞ்ச நேரத்தில் சுவிச் திரும்பப் போடப்பட்டது. எழுந்து நின்றேன். கை கால் எல்லாம் நன்றாக வேலை செய்தன. எனக்குள் திக்கென்று பிடித்த பயம்தான் எழவில்லை, அப்படியே உட்கார்ந்துகொண்டது.

அதற்குக் காரணம் உண்டு. என் சித்தப்பா, அப்பாவின் தம்பி, தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒருநாள் நட்டநடுவே நின்று லைட் கம்பத்தோடு பேச ஆரம்பித்தார். தோட்டத்து லொறியில் ஏற்றிப் பைத்திய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வந்தபோது கம்பத்தோடும் பேசவில்லை, எங்களோடும் பேசவில்லை. எங்கள் குடும்பத்தில் யாராவது சாவியை எங்கே வைத்தோம் என்று மறந்தாலே, மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். நான் சாம்பார் வாளியோடு விழுந்தவன். எனக்கும் தொடங்கிவிட்டது என்று அன்றே முடிவுசெய்துவிட்டேன். பயப்படுவதில் நான் யாருக்கும் சளைத்தவனில்லை. மற்றவர்கள் நோய் வருத்தம் வந்தபிறகு பயப்படுவார்கள். நான் முன்கூட்டியே பயந்து, வருத்தத்துக்குப் பாய் விரித்து வைப்பேன்.

தினமும் காலையில் எனக்கு நானே ஒரு பரீட்சை வைத்தேன். மாத்தளையிலிருந்து தம்புள்ளை வரை பஸ் நிற்கும் ஊர்களை வரிசையாகச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் புத்தி இருக்கிறது, தப்பினால் போய்விட்டது. ஒருநாள் பல் தீட்டிக்கொண்டே அலுவிகாரை, பலாபத்வளை என்று வந்தேன். நாலந்தாவில் கண் சொருகிவிட்டது. வாயில் பிரஷ்ஷோடு கதவுநிலையில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தவனை மனைவி எழுப்பினாள்.

தூக்கம். அதைப் பற்றி நான் யாரிடமும் பெரிதாகச் சொல்லியிருக்கவில்லை. தூக்கம் ஒரு வருத்தமா? ஆனால் அந்த வருடம் அது என்னை நாய் கோழியைப் பிடிப்பதுபோல் பிடித்தது. பஸ்ஸில், சவரம் செய்யும் பாபர் கதிரையில், சாப்பிடும்போது. ஒருமுறை ஒரு பிரெஞ்சுக் குடும்பத்துக்குக் கறுவாப் பட்டை உரிப்பதைக் காட்டிக்கொண்டிருந்தேன். பேச்சு நிற்கவில்லையாம், கையும் நிற்கவில்லையாம், ஆனால் நான் தூங்கிவிட்டேனாம். கறுவாவைச் சுரண்டியபடியே, “பின்னுக்குப் போங்க, பின்னுக்குப் போங்க, சில்லற வச்சிருக்கீங்களா” என்று கொண்டக்டரைப்போல் சொன்னேனாம். அந்தக் குடும்பம் அதைப் பழங்கால மந்திரம் என்று நினைத்துக் கைகூப்பி நின்றதாம். முதலாளி கூப்பிட்டு, “வயசு போகுதோ?” என்று மட்டும் கேட்டார். அவர் குரலில் இருந்த இரக்கம்தான் என்னை உலுக்கியது. திட்டியிருந்தால் வேலை நிச்சயம்.

அடுத்தது விருந்தாளி. மத்தியானம் ஆட்கள் இல்லாத நேரம், மிளகு காயும் கொட்டிலில் மர வாங்கில் சரிவேன். கண் மூடவும் இல்லை, திறந்திருக்கவும் இல்லை என்கிற அந்த இடத்தில், வாசலில் ஒருவர் வந்து நிற்பார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை. செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைப்பார். உள்ளே வந்து என் நெஞ்சின்மேல் உட்காருவார். எனக்கு மூச்சு வராது, கத்த வராது. அவருடைய உடம்பின் சூடுகூட எனக்குத் தெரியும். பிறகு எழுந்துபோய்ச் செருப்பை மாட்டுவார். நான் துடித்து எழுந்து பார்த்தால் மிளகும் பாயும்தான். அமுக்குவான் பேயைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வருகிற பேயை நான் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அந்த மரியாதைதான் என்னைக் கூடுதலாகப் பயமுறுத்தியது. ஒரு பேய் இவ்வளவு பண்பாக நடந்துகொள்கிறதென்றால் அது பேயல்ல, என் மூளை செய்கிற வேலை. சித்தப்பாவுக்குக் கம்பம், எனக்கு இந்த ஆள்.

இதற்கிடையில் மச்சான் வாயைத் திறக்கும்போதெல்லாம் நான் விழுந்தேன். அலுவிகாரையில் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் ஓட்டோவை நிறுத்திவிட்டு ஏதோ சொன்னான். நான் சீட்டிலிருந்து வழிந்து ரோட்டுக்கு இறங்கிவிட்டேன். இன்னொரு நாள் எங்கள் வீட்டு விறாந்தையில், ஆட்டோடு ஏறிய ஒரு பிரயாணியைப் பற்றிச் சொன்னான். ஆட்டுக்கும் சேர்த்துக் காசு கேட்டதற்கு அந்த மனுஷன், “ஆடு நின்னுக்கிட்டுத்தானே வந்துச்சு, சீட்டுக் காசு எதுக்கு?” என்று சண்டை பிடித்தானாம். மச்சான் அந்த மனுஷனாகவும் நடித்தான், ஆடாகவும் நடித்தான். நான் கதிரையோடு சரிந்தேன்.

அன்று என் அக்காவும் அங்கே இருந்தாள். அக்கா எங்களுக்குப் பக்கத்து வீடு. எங்கள் குடும்பத்தில் எது நடந்தாலும் தீர்ப்புச் சொல்வது அவள்தான்.

“மூணு வாட்டி விழுந்திருக்கான். மூணு வாட்டியும் வாயத் தொறந்தது யாரு?” என்றாள். மச்சான் போன பிறகு என் மனைவியைப் பார்த்து, “ஒன் தம்பி நாக்கப் பாத்திருக்கியா? ஓரத்துல கறுப்பு. கரிநாக்கு.”

நாக்கில் கரும்புள்ளி உள்ளவன் எதைச் சொன்னாலும் அது எதிரில் இருப்பவனைத் தாக்கும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. பிள்ளையைப் பார்த்துக் கொழுகொழு என்று அவன் சொன்னால் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். மாட்டைப் பார்த்துச் சொன்னால் பால் வற்றும்.

“அவன் சிரிப்புத்தானே சொன்னான், அண்ணி” என்றாள் மனைவி.

“சிரிப்புச் சொன்னாலும் நாக்கு நாக்குத்தானே.”

இதைக் கேட்டு நான் சிரித்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு வேர்த்தது. யோசித்துப் பாருங்கள். ஸ்பைஸ் கார்டனில் விடிந்தால் பொழுதுபட்டால் ஜோக்குத்தான். அங்கே நான் ஒருநாளும் விழவில்லை. மச்சான் வாயைத் திறந்தால் மட்டும் விழுகிறேன். கணக்கு அக்கா பக்கம் இருந்தது. என் ஜோக்குகள் பழசாகிப்போனதால் அங்கே நான் சிரிப்பதே இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. அதை யோசிக்கிற புத்தி இருந்தால் நான் ஏன் பூசாரியிடம் போகிறேன்? கையில் ஒரு நூல், அரையில் ஒரு நூல், கணுக்காலில் ஒரு நூல் கட்டினார்கள். இன்னும் இரண்டு பூசாரிகளைப் பார்த்திருந்தால் எனக்கு முழுச்சட்டை ஆகியிருக்கும்.

யார் மூலமோ மச்சான் காதுக்கும் போய்விட்டது. மறுநாள் வந்தவன் வாசல்படி ஏறவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றான்.

“உள்ளுக்கு வாடா.”

“இல்ல மச்சான். நான் கொஞ்ச நாளைக்கி வரல.”

“கைய எடுத்துட்டுப் பேசு.”

“ஓட்டோ கண்ணாடியில பாத்தேன். இருக்கு. ஓரத்துல இருக்கு.” அவன் கண் கலங்கியிருந்தது. “ஒரு நாளைக்கி நீங்க விழுந்து எந்திரிக்காமப் போனா, அக்கா மொகத்துல நான் எப்புடி முழிக்கிறது?”

அவன் அக்கா என்றது என் மனைவியை. போகிறவனை நான் தடுக்கவில்லை. ஓட்டோவைத் தள்ளிக்கொண்டுபோய்த் தூரத்தில் ஸ்டார்ட் செய்தான்.

அவன் வராததால் நான் விழவில்லை. “பாத்தியா?” என்றாள் அக்கா. அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்.

ஆனால் விருந்தாளி வந்தார். தூக்கம் வந்தது. டவுனில் ஒரு டொக்டரிடம் போய், இல்லாத ஓர் ஆளைக் காண்கிறேன் என்றேன். அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன், கேட்காததைச் சொல்லவில்லை. தண்ணீரோடு விழுங்க, இல்லாத ஆட்களை மூளையிலிருந்து விரட்டும் குளிசை ஒன்றைத் தந்தார். விருந்தாளி போகவில்லை, அவரோடு சேர்ந்து நானும் கூடுதலாகத் தூங்கினேன். இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. விழுவதைப் பூசாரியிடம் சொன்னேன். ஆள் தெரிவதை டொக்டரிடம் சொன்னேன். தூக்கத்தை முதலாளி பார்த்தார். ஒரு மாட்டை மூன்றாகப் பிரித்து, வாலை ஒருவரிடமும் கொம்பை ஒருவரிடமும் குளம்பை ஒருவரிடமும் காட்டிவிட்டு, இது என்ன பிராணி என்று கேட்டால் யார் என்ன சொல்ல முடியும்?

சிரித்தால் விழுகிறேன் என்று என் உடம்புக்கு என்னைவிட முன்பே தெரிந்துவிட்டது போல. சிரிப்பு வருகிற இடத்தை எல்லாம் அது தவிர்த்தது. கல்யாணத்துக்குப் போகவில்லை. டீவி பார்க்கவில்லை. கூட்டாளிகள் கூப்பிட்டால் தலைவலி என்றேன். பிறகு தவிர்ப்பதற்கும் ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. ஜோக்கைக் கேட்டால் ஜோக் என்று தெரியும், அவ்வளவுதான். ரொட்டியைக் கடித்தால் ரொட்டி என்று தெரிவதுபோல. கட்டிலில் சுவரைப் பார்த்தபடி கிடந்தேன். தூங்கினாலும் கிடந்தேன், தூங்காவிட்டாலும் கிடந்தேன். அந்த நாட்களில் சுவரைப் பார்த்து நான் நினைத்த சிலவற்றை எழுதப்போவதில்லை. எதையும் கேலிசெய்யத் தெரிந்தவன் நான். அதைச் செய்யத் தெரியவில்லை.

என் சிரிப்பு போய்விட்டதைக் கண்டுபிடித்தது மனைவி. ஒருநாள் தன் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தவள், “போத்தல் சரியாப் பாருங்க, எது எதுன்னு” என்றாள். இத்தனை வருடத்தில் முதல்முறையாக என் ஜோக்கை அவள் எடுத்துத் தந்தாள். நான் போத்தலைப் பார்த்து, “நல்லெண்ணெய்தான்” என்றேன்.

அவள் எண்ணெய்க் கையோடு வந்து எனக்கு முன்னால் உட்கார்ந்தாள். “நாளைக்கிக் கண்டிக்குப் போறோம். கிளினிக்குக்கு. எந்தக் கிளினிக்குன்னு கேக்காதீங்க.”

கேட்காமலே தெரிந்தது. லொறி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கண்டியில் அந்தக் கிளினிக்கின் பலகைக்கு நேர்கீழேதான் வாங்கு போட்டிருந்தார்கள். மூன்று மொழியில் மனநோய்க் கிளினிக் என்று எழுதியிருந்தது, தப்பவே முடியாது. நான் மாஸ்க் போட்டு, தொப்பி போட்டு, அதற்குமேல் பேப்பரையும் விரித்துப் பிடித்தேன். பக்கத்தில் இன்னொருவரும் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். வெகுநேரம் கழித்து அந்தப் பேப்பர், “நீங்க மாத்தளதானே?” என்று கேட்டது. “இல்லை” என்றேன். “நானும் இல்ல” என்றது பேப்பர்.

டொக்டர் இளம் பெண். பாதி தமிழும் பாதி சிங்களமுமாகப் பேசினார். நான் வழக்கம்போல ஆள் தெரிகிற கதையை எடுத்தேன். மனைவி என் கையைத் தட்டிவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். சாம்பார், பிரஷ், பிரெஞ்சுக் குடும்பம், சுவர். டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“அந்த ஆள் வாறது நீங்க தூங்கப் போற நேரம்தானே? நல்லா முழிச்சிக்கிட்டு நடக்கிறப்ப வந்திருக்கிறாரா?”

நான் யோசித்தேன். இல்லை. ஒருநாளும் இல்லை.

“விழுறது, நல்லாச் சிரிக்கிற நேரம்தானே?”

எனக்கு மயிர் கூச்செறிந்தது. பூசாரிக்குத் தெரியாதது, அக்காவுக்குத் தெரியாதது, சாம்பார்ச் சேற்றில் கிடந்த எனக்கே தெரியாதது இந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? ஒரு கணம், இவருக்கும் ஏதாவது நாக்கு இருக்கிறதோ என்றுகூடப் பார்த்தேன்.

தனக்குச் சந்தேகம் இருக்கிறது, ஆனால் விழுவதைக் கண்ணால் பார்த்தால் நல்லது என்றார். “ஒங்கள நல்லாச் சிரிக்க வைக்கிறது யாரு? அடுத்த முறை அவரையும் கூட்டிட்டு வாங்க.”

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மாத்தளை பஸ் ஸ்டேண்டில் மச்சான் வரிசையில் கடைசியாக நின்றான். எங்களைக் கண்டதும் கை தானாக வாய்க்குப் போனது. மனைவி விஷயத்தைச் சொன்னாள். அவன் தலையை ஆட்டியபடியே இருந்தான்.

“முடியாதுக்கா. தெரிஞ்சிக்கிட்டே செய்யச் சொல்றியா?”

“டொக்டர் பக்கத்துல இருப்பாங்கடா. விழுந்தா ஆஸ்பத்திரியிலதானே விழுவாரு.”

“செத்தா?”

“செத்தாலும் ஆஸ்பத்திரியிலதான்” என்றேன் நான்.

அவன் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. இரண்டு கோமாளிகள் நடுரோட்டில் அப்படி நின்றதைப் பார்த்தவர்கள் ஏதோ சாவு என்றுதான் நினைத்திருப்பார்கள். கடைசியில் நான் சொன்னேன்: “மச்சான், எனக்குப் பைத்தியமா இல்லையான்னு தெரியணும். ஒன்ன விட்டா அதக் காட்ட ஆளில்ல.” அவன் ஓட்டோவின் பின்சீட்டைத் துடைத்துவிட்டான்.

ஆனால் டொக்டரின் அறையில் வைத்து அவனால் முடியவில்லை. சிரிக்க வை என்று ஓர் அரசாங்க உத்தியோகத்தர் உத்தரவு போட்டால் யாருக்கு வரும்? கையை முதுகில் கட்டினான். “திஸ் இஸ் சோறு” என்றான். பரீட்சையில் மனப்பாடம் ஒப்புவிப்பதுபோல் இருந்தது. ஆட்டை எடுத்தான். ஆடு பயந்து செத்துவிட்டது. டொக்டர் பொறுமையாகக் காத்திருந்தார். எனக்கு உள்ளே ஒன்றுமே அசையவில்லை. இது தூக்கமும் இல்லை, பேயும் இல்லை, சித்தப்பாதான் என்று எனக்குத் தீர்ந்துவிட்டது. மச்சான் டொக்டர் பக்கம் திரும்பினான்.

“எனக்கு நாக்கு சரியில்ல டொக்டர். கரிநாக்கு. அதுனாலதான் இவ்வளவும்.”

டொக்டருக்கு விளங்கவில்லை. மனைவி விளக்கினாள். டொக்டர் டோர்ச்சை எடுத்து அவன் வாயைத் திறக்கச் சொன்னார். நாக்கை ஒரு பஞ்சால் அழுத்தித் துடைத்தார். பஞ்சைத் திருப்பிக் காட்டினார்.

“வெத்தல. நாக்குல ஒண்ணுமில்ல. பல்லுல ரெண்டு ஓட்ட இருக்கு, அத மட்டும் காட்டுங்க.”

மச்சான் நாக்கை உள்ளே இழுக்க மறந்து, அதைத் தொங்கவிட்டபடியே டொக்டரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் வந்த நியாயமான கோபத்தை நான் இதற்குமுன் பார்த்ததில்லை.

“அப்ப இவ்வளவு மாசமா நான் வெத்தலைக்கா வாயப் பொத்தினேன்? ஸ்டேண்டுல ஒரு ஆளக் கூப்புடல டொக்டர். யாராச்சும் போய் மோதிச் செத்துட்டா பாவம்னு. எல்லாம் அடுத்த ஓட்டோவுல ஏறிப் போனாங்க. சும்மா வெத்தலையத் துப்பியிருந்தா…”

அது வயிற்றிலிருந்து கிளம்பியது. எத்தனையோ காலம் பூட்டிக்கிடந்த வீட்டுக் கதவைப்போல முதலில் இடித்துக்கொண்டுதான் திறந்தது. தாடை தொங்கியது. முழங்கால் போனது. டொக்டர் ஓடிவந்து தலையைப் பிடித்துக்கொண்டதும், என் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்ததும், சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டியதும் எல்லாம் எனக்குத் தெரிந்தது. தட்டினால் துள்ள வேண்டிய கால், தனக்கும் அந்த முழங்காலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாததுபோல் கிடந்தது.

“இதுதான்” என்றார் டொக்டர், மெதுவாக. “இவருக்கு எல்லாம் கேக்கும். பேசுங்க.”

மச்சான் என் காதருகே வந்தான். என்ன சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. “மச்சான்” என்றான். “வெத்தலதானாம் மச்சான்.” இன்னும் கொஞ்ச நேரம் நான் எழ முடியாமல் போனதற்கு அதுதான் காரணம்.

எழுந்து உட்கார்ந்ததும் டொக்டர் விளக்கினார். நார்கொலெப்சி என்று ஒரு பெயர் சொன்னார். தூக்கத்தைத் திறந்து மூடும் வேலை மூளையில் பழுதாகிவிட்டது. கனவு காணும்போது உடம்பு தளர்ந்து கிடப்பது எல்லோருக்கும் நடப்பது. எனக்கு அந்தத் தளர்ச்சி விழித்திருக்கும்போதே, அதுவும் சிரித்தால் வந்துவிடுகிறது. கனவில் வரவேண்டிய ஆள் தூக்கம் வருவதற்குமுன் வந்துவிடுகிறார். தூக்கத்தை இயந்திரம் வைத்தும் சோதிக்க எழுதித் தருவதாகச் சொன்னார். இப்படி உள்ளவர்களைப் பலர் பைத்தியம் என்று நினைப்பதுண்டாம்.

நான் கதிரையிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். “அப்ப எனக்கு மனநோய் இல்ல.”

“அப்படி நான் சொல்லல” என்றார் டொக்டர்.

உட்கார்ந்தேன்.

விழுவதும் அந்த ஆளும் தூக்கத்தின் வேலை என்றார். ஆனால் சுவரைப் பார்த்துக் கிடந்தது? அது மனச்சோர்வு. அதுவும் நோய்தான், சும்மா கவலை இல்லை. தூக்கம் கெட்டவர்களுக்கு அது வருவது சாதாரணம். அது வந்தால் தூக்கம் இன்னும் கெடும். ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு சுற்றும். இரண்டுக்கும் மருந்து வேண்டும். டவுன் டொக்டர் தந்த குளிசையைத் தான் சொல்கிறபடி குறைத்து நிறுத்தலாம். இனித் தான் தரப்போவது மனச்சோர்வுக்குக் கொடுக்கும் குளிசை, அதுவே விழுவதையும் குறைக்கும் என்றார்.

நான் என் புத்தியைக் காப்பாற்ற எவ்வளவு பாடுபட்டேன். நூல் கட்டினேன், ஊர்ப் பெயர் சொன்னேன், பேப்பருக்குள் ஒளிந்தேன். கடைசியில் மனநோய்க் குளிசை சாப்பிட்டால்தான் காலால் நிற்கலாம் என்கிறார்கள். பயந்தது நடக்கவில்லை என்று மூச்சு விடுவதற்குள், பயந்தது நடந்தும்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். சித்தப்பாவின் லொறி வந்து, என்னை ஏற்றாமல், பக்கத்தில் நின்று ஹோர்ன் மட்டும் அடித்ததுபோல் இருந்தது.

“டொக்டர்,” என்றேன், “அந்தக் குளிசையச் சாப்புட்டா நான் பேசாம ஆயிருவேனா?”

அவர் என் மனைவியைப் பார்த்தார். மனைவி, “பேசாம ஆனா நல்லதுதான் டொக்டர்” என்றாள். பிறகு புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மருந்து தரும் யன்னலில் என் பெயரையும் கிளினிக்கின் பெயரையும் சேர்த்துச் சத்தமாகக் கூப்பிட்டார்கள். நான் ஒரு தூணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் முறையும் கூப்பிட்டார்கள். மச்சான் முன்னால் போகப் பார்த்தான்; நான் அவன் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டு நானே போனேன். பார்த்த முகங்களில் பேப்பர் மனுஷனும் இருந்தார். அவருக்குத் தலையாட்டினேன். அவரும் ஆட்டினார். இருவருமே மாத்தளைதான்.

திரும்பும்போது கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டும்வரை ஓட்டோவில் யாரும் பேசவில்லை. மச்சான் கண்ணாடியில் என்னைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக இருந்தான். பல மாதக் கதை அவன் வாய்க்குள் முட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. என் மனைவி தன் சால்வையைக் கழற்றினாள். சீட்டின் இரும்புக் கம்பிக்குள் நுழைத்து, என் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து, இரண்டு முடிச்சுப் போட்டாள். இழுத்துப் பார்த்தாள். மூன்றாவது முடிச்சும் போட்டாள்.

“இப்பப் பேசுடா” என்றாள் தம்பியிடம்.

அக்குறணை வருவதற்குள் நான் இரண்டு முறை சரிந்தேன். சால்வை பிடித்துக்கொண்டது.